பழைய காருக்கு எங்கே விளம்பரம் செய்வது?

அகளியில் எம் இல்லத்து முற்றத்தில், பலா மரத்து நிழலில், ஓராண்டுக்கு மேலாக ஒரு சிறிய கார் அசையாது நின்றது. 2014-ஆம் ஆண்டில் வாங்கிய ஆல்ட்டோ, வெள்ளை நிறம், எண் பலகையில் மன்னார்க்காட்டுக்குரிய கே.எல். 50. அதனை வாங்கியவர் எம் தந்தையார். மாட்டு வண்டியில் தொடங்கி, சைக்கிளுக்கும் பின்னர் மொபெட்டுக்கும் உயர்ந்து, அறுபதாம் வயதுக்கு மேல் கார் ஓட்டப் பழகியவர் அவர். சந்தைக்கும் கோயிலுக்கும், பிள்ளைப்பேற்றுக்கு அவசரமாக மருத்துவமனை செல்லும் அண்டை வீட்டாருக்கும் அவ்வண்டி ஓடியது. அவர் மறைந்தபின் அதனை ஓட்டுவார் இலர். யாம் வாரத்தில் ஆறு நாள் ஒலவக்கோட்டில், பாலக்காடு சந்திப்பு நிலையத்தின் பார்சல் அலுவலகத்தில் இருப்பவர். தம்பி திருப்பூரில். அன்னையாரோ அதன் கதவைத் துடைப்பதோடு சரி.

நிற்கும் வண்டியும் செலவு வைக்கும் என்பதை வைத்திருப்போர் அறிவர். காப்பீட்டுக்கு ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். மின்கலம் செத்தது, டயர்களில் காற்று இறங்கிற்று. அவ்வேளையில் தங்கை மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய நாளும் நெருங்கிற்று. ஆனித் திங்களுக்குள் ஒன்றரை இலட்ச ரூபாய் வேண்டும். வீட்டில் கூடிப் பேசி, வண்டியை விற்பதென முடிவு செய்தோம். விற்பது எளிது என்றே எண்ணினோம். எங்கே விளம்பரம் செய்வது என்னும் ஒரு கேள்விக்கு விடை காண்பதற்குள் நான்கு திங்களும் ஐயாயிரம் ரூபாயும் போயின. அந்த நான்கு திங்களில் கற்றதை நம் சங்கத்துக் குடும்பங்களுக்குச் சொல்லவே இதனை எழுதுகின்றோம். நம்முள் பலர் இரண்டு மாநிலங்களுக்கு நடுவே வாழ்பவர். இந்தக் கேள்வி நமக்குச் சற்றுக் கூடுதலாகவே சிக்கல் உடையது.

முதற்கண் ஒன்று. விளம்பரம் செய்யுமுன் வண்டி யார் பெயரில் உள்ளது என்று பார்த்தல் வேண்டும். எம் வண்டி காலமான தந்தையார் பெயரிலேயே இருந்தது. உரிமையாளர் இறப்பின் முப்பது நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்கு அறிவித்து, பின்னர் 31-ஆம் எண் படிவத்தில் வாரிசின் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. துயரத்தில் இருக்கும் வீட்டில் இதையெல்லாம் யார் நினைப்பார்? யாமும் நினைக்கவில்லை. காலந்தாழ்ந்தே வாரிசுச் சான்று பெற்று, அன்னையார் பெயருக்கு மாற்றினோம். அதற்கே தை மாதம் முழுதும் கழிந்தது. இறந்தவர் பெயரில் உள்ள வண்டிக்கு விளம்பரம் கொடுத்தால் நல்ல மனிதர் விலகுவர். தரகர் மட்டுமே நெருங்குவர். அவர் நெருங்குவதும் விலையைப் பாதியாக்கத்தான்.

பெயர் மாறியதும் கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தமிழ் நாளிதழ் ஒன்றில் வரி விளம்பரம் கொடுத்தோம். அதற்குக் காரணம் வேறொன்றுமில்லை; பழக்கமே. அட்டப்பாடியில் குடியேறிய தமிழர்க்குக் கோவை என்பது அயலூர் அன்று. ஆனைகட்டி வழியே இறங்கினால் துணி, நகை, மருத்துவம், கல்யாணம் எல்லாம் அங்கேதான். வீட்டுக்கு வரும் இதழும் தமிழ் இதழே. 1956 நவம்பர் முதல் நாள் வரையில் மலபார் மாவட்டம் சென்னை மாநிலத்தின் பகுதி. அட்டப்பாடியும் அதனுள் அடக்கம். பாலக்காடு மாவட்டம் அமைந்தது 1957 ஜனவரி முதல் நாள்தான். எம் பாட்டனார் காலத்தில் இவ்விரு பக்கமும் ஒரே அரசின் கீழ் இருந்தன. மனத்தில் இன்னும் எல்லை விழவில்லை போலும். ஆனால் மோட்டார் வாகனப் பதிவேட்டில் எல்லை விழுந்துவிட்டது. அதை யாம் எண்ணிப் பார்க்கவில்லை.

ஞாயிறன்று விளம்பரம் வெளியாயிற்று. நான்கு வரி. காலை ஆறரை மணிக்கே தொலைபேசி ஒலித்தது. அன்று மாலைக்குள் பதினொரு பேர் அழைத்தனர். அவர்களுள் எழுவர் தரகர். எஞ்சிய நால்வர் தமக்கென வாங்க எண்ணியவர். நால்வரும் விலை கேட்டனர், ஓடிய தூரம் கேட்டனர், மகிழ்ந்தனர். பின்னர் ஒவ்வொருவரும் கேட்ட கேள்வி: "எந்த ஊர்ப் பதிவுங்க?" "கே.எல். 50" என்றோம். "அப்படிங்களா, யோசிச்சுச் சொல்றேனுங்க" என்றனர். யோசித்தவர் ஒருவரும் மீண்டும் அழைக்கவில்லை.

அவர்கள் மீது குறையில்லை. கேரளப் பதிவு வண்டியைத் தமிழ்நாட்டார் ஒருவர் வாங்கினால், மன்னார்க்காட்டு அலுவலகத்திலிருந்து 28-ஆம் எண் படிவத்தின் வழித் தடையின்மைச் சான்று பெறுதல் வேண்டும். வண்டியைத் தமிழ்நாட்டிலேயே வைத்து ஓட்டப் போவதால் புதிய பதிவெண்ணும் வாங்க வேண்டும். வேற்று மாநிலத்தில் பன்னிரண்டு திங்களுக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்குப் புதிய எண் கட்டாயம் என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு. அங்கே எஞ்சிய காலத்துக்குரிய சாலை வரியைக் கட்டி, இங்கே முன்னர்க் கட்டியதில் மிச்சத்தைத் திரும்பக் கேட்டு எழுதிக் காத்திருக்க வேண்டும். பணமும் அலைச்சலும் சேர்த்துப் பார்த்தால், உள்ளூர்ப் பதிவுள்ள அதே வண்டியை அதிக விலைக்கு வாங்குவதே அவருக்கு ஆதாயம். ஆகவே எம் விளம்பரம் நல்ல இதழில், நல்ல நாளில், நல்ல தமிழில் வெளிவந்தும், வாங்க இயலாதவர் கண்ணிலேயே பட்டது.

பார்சல் அலுவலகத்தில் இதற்கொப்பான காட்சியை யாம் அடிக்கடி காண்பதுண்டு. பெட்டி உறுதியாகக் கட்டப்பட்டிருக்கும். கட்டணமும் குறைவின்றிச் செலுத்தப்பட்டிருக்கும். சேருமிடம் மட்டும் தவறாக எழுதப்பட்டிருக்கும். அப்பெட்டி எவர் கையையும் சேராமல் கிடங்கில் கிடக்கும். பிறர் பெட்டியில் அத்தவற்றை உடனே கண்டுபிடிக்கும் எமக்கு, எம் வண்டி விளம்பரத்தில் அது தெரியாமற் போயிற்று.

நாளிதழ் விளம்பரமே வீண் என்று இதனால் கொள்ளற்க. ஒரு காலத்தில் அதைவிட வலிய சந்தை வேறில்லை. 1878-இல் தொடங்கிய 'இந்து' நாளிதழ் 1958 வரையில் தன் முதற்பக்கத்திலேயே விளம்பரங்களை வெளியிட்டு வந்தது, செய்திகள் உள்ளேதான். இலண்டன் 'டைம்ஸ்' 1966 வரை அவ்வாறே செய்தது. மக்கள் செய்திக்கு நிகராக வரி விளம்பரங்களையும் தேடிப் படித்தனர். நம் தமிழ் இதழ்களுள் தினத்தந்தி 1942-இல் மதுரையில் தொடங்கிற்று. தினமலர் 1951-இல் தொடங்கியது திருவனந்தபுரத்தில் என்பதும், 1957-இல்தான் திருநெல்வேலிக்குச் சென்றது என்பதும் கேரளத்துத் தமிழர்களில் பலர் மறந்த செய்தி. இன்றும் நிலம், வீடு, வரன் தேடுவோர் நாளிதழைப் புரட்டுகின்றனர். கார் தேடும் இளைஞர் புரட்டுவது அருகிவிட்டது. இங்கிலாந்தில் 1977-இல் அச்சாகத் தொடங்கி, பழைய கார் விற்பனைக்கே பெயர்பெற்ற 'ஆட்டோ டிரேடர்' இதழ் 2013-இல் அச்சை நிறுத்தி இணையத்தில் மட்டும் வாழ்கின்றது. எனினும் ஐம்பது வயதைக் கடந்தவர், சிறு நகரத்தவர், அரசு ஊழியர் ஆகியோருக்கு ஏற்ற வண்டியாயின் நாளிதழ் இன்றும் பயன் தரும். ஆனால் வண்டியின் பதிவு எந்த மாநிலத்தில் உள்ளதோ அம்மாநில மக்கள் படிக்கும் இதழாக அஃது இருத்தல் வேண்டும். எம் வண்டிக்கு மாத்ருபூமியோ மலையாள மனோரமாவோதான் தக்கது. அதுவும் எல்லாப் பதிப்புக்கும் பணம் கொடாமல், பாலக்காட்டுப் பக்கத்துக்கு மட்டும் கொடுத்தல் போதும். காசர்கோட்டில் உள்ளவர் ஆல்ட்டோ பார்க்க அட்டப்பாடி மலையேறப் போவதில்லை.

இதைச் சொன்னபோது அன்னையார், "மலையாளக் கடுதாசியிலே போட்டா நாம யாருன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும் கண்ணு?" என்று கேட்டார். அப்போது அக்கேள்வியை யாம் பொருட்படுத்தவில்லை. பின்னர்தான் அதன் ஆழம் விளங்கிற்று.

நாளிதழில் ஏமாந்தபின் இணையத்துக்குச் சென்றோம். கைப்பேசி வைத்திருப்போர் எல்லாரும் இதன் பெயர்களை அறிவர். ஓ.எல்.எக்ஸ். 2006-இல் தொடங்கியது, கார்வாலே, கார்தேக்கோ போன்றவை காருக்கென்றே அமைந்தவை, பேஸ்புக்கின் சந்தைப் பகுதி 2016-இல் தொடங்கிற்று. இவற்றுள் தனியார் ஒருவர் தம் வண்டியைப் பெரும்பாலும் காசின்றிப் பதியலாம். படங்கள் பல சேர்க்கலாம். எந்த ஊர் என்று குறிப்பதால் அருகிலுள்ளோர் முதலில் காண்பர். இதுவே இணையத்தின் பெரும்பயன். கார்ஸ்24, ஸ்பின்னி போன்றவை வேறு வகையின. அவை 2015-இல் தொடங்கின. அங்கே நாம் விளம்பரம் செய்வதில்லை. நிறுவனமே நம்மிடம் வண்டியை வாங்குகின்றது அல்லது வணிகரிடம் சேர்க்கின்றது. பணம் விரைவில் கைக்கு வரும், விலை குறையும். நகரத்தில் இருப்பவருக்கு அது வசதி. மலையில் இருக்கும் எமக்கு அவர்கள் ஆய்வுக்கு ஆள் அனுப்புவதே அரிது.

எம் பதிவில் பிழை செய்தோம். மாலை மங்கிய வேளையில், பலா இலைகள் படிந்த வண்டியை மூன்று படம் எடுத்து ஏற்றினோம். ஊர் என்னும் இடத்தில், அகளியை யார் அறிவர் என்றெண்ணிப் பாலக்காடு என்று எழுதினோம். முன்கதவில் இருந்த கீறலைக் குறிப்பிடவில்லை. இரண்டு இலட்சத்துப் பத்தாயிரம் என்று விலை போட்டோம். அஃது அதே தளத்தில் பிறர் போட்டிருந்த விலைகளைப் பார்த்து வைத்தது. பிறர் கேட்கும் விலை வேறு, பிறர்க்குக் கிடைத்த விலை வேறு என்று அறியும் பட்டறிவு அப்போது இல்லை. விற்காத வண்டிகளே நெடுநாள் பட்டியலில் நிற்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், அப்பட்டியலை நம்பி விலை வைப்பவர் விற்காதவரின் விலையையே பின்பற்றுகிறார் என்பது விளங்கும்.

இரண்டாம் நாள் ஒருவர் எழுதினார். தாம் படைவீரர் என்றும், கோவையில் இருந்து மாற்றலாகிச் செல்வதாகவும், தம் தந்தைக்கு ஒரு சிறு கார் வேண்டும் என்றும் சொன்னார். சீருடை அணிந்த படத்துடன் அடையாள அட்டை ஒன்றையும் அனுப்பினார். விலை பேசவில்லை, வண்டியைப் பார்க்கவும் கேட்கவில்லை. "நாளை படையின் லாரி வந்து எடுத்துக்கொள்ளும்; முன்பணம் ஐயாயிரம் இப்போதே அனுப்புகின்றேன்" என்றார். கட்டம் கட்டமான ஒரு கியூ.ஆர். படம் வந்தது. அதனைப் படம் பிடித்து இரகசிய எண்ணை இட்டால் பணம் எம் கணக்குக்கு வரும் என்றார். யாம் இட்டோம். ஐயாயிரம் எம் கணக்கிலிருந்து போயிற்று. "தவறாகிவிட்டது, இன்னொரு முறை செய்யுங்கள், இரண்டும் சேர்ந்து வந்துவிடும்" என்று அவர் சொன்னபோதுதான் விழித்துக்கொண்டோம்.

நாள்தோறும் பிறர் பணத்தை எண்ணி வாங்கி, இரசீது எழுதிக் கொடுப்பது எம் தொழில். வாங்குபவர் கையெழுத்து இடுவதில்லை, கொடுப்பவரே இடுவர் என்னும் சிறு கணக்கு எமக்குத் தெரியாததன்று. பணம் பெறுவதற்கு இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை, கொடுப்பதற்கே தேவை. அறிந்ததை அவசரத்தில் மறந்தோம். கல்லூரிக் கட்டணத்தின் நாள் நெருங்கிய அவசரம் அது. 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணுக்கு உடனே சொல்லி முறையீடு பதிந்தோம். இதனை எழுதும் நாள்வரை அப்பணம் திரும்பவில்லை. இதை மறைக்க எண்ணியதுண்டு, வெட்கம்தான். எனினும் நம் வீடுகளில் முதியோர் பலர் மகன் வாங்கித் தந்த கைப்பேசியுடன் தனியே இருக்கின்றனர். அவர்களுக்காகவேனும் எழுதுதல் கடன் என்று தோன்றிற்று. விலை பேசாமலும் வண்டியைப் பாராமலும் ஒருவர் வாங்க முன்வருவாராயின் அவர் வாங்க வந்தவர் அல்லர்.

இந்நிலையில் எம் அலுவலகத்து நண்பர் ஒருவர் வழியே ஒரு செய்தி கேட்டோம். அமெரிக்கப் பொருளியல் அறிஞர் சார்ச்சு ஏக்கர்லாஃபு 1970-இல் பழைய கார்ச் சந்தையைப் பற்றியே ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டாராம். மூன்று ஆய்விதழ்கள் அதனைத் திருப்பியனுப்பின, நான்காவது ஏற்றது. 2001-இல் அவருக்கும் வேறிருவர்க்கும் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் சொன்னது நம் சந்தைக்கு அப்படியே பொருந்தும். பழைய வண்டி நல்லதா கெட்டதா என்பது விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. தெரியாதவன், எதுவும் கெட்டதாயிருக்கலாம் என்றஞ்சி, நடுத்தர விலையே கொடுப்பான். நல்ல வண்டி வைத்திருப்பவன் அவ்விலைக்குக் கொடுக்க மனமின்றி விலகுவான். அவன் விலக விலகச் சந்தையில் கெட்ட வண்டிகளே மிகும். விலை மேலும் இறங்கும். அங்கே பழுதான காரை எலுமிச்சை என்று கேலியாகச் சொல்வராம். நமக்கு எலுமிச்சை மங்கலப் பொருள். புது வண்டியின் சக்கரத்துக்கடியில் அதையே வைக்கின்றோம்!

அன்னையார் கேட்ட கேள்வியின் பொருள் அப்போது துலங்கிற்று. நாம் யார் என்று வாங்குபவருக்குத் தெரியாத இடத்தில் நல்ல வண்டிக்கு நல்ல விலை கிடைப்பது கடினம். ஆகவே விளம்பரத்தை எத்தனை பேர் பார்ப்பர் என்பதைவிட, பார்ப்பவரில் எத்தனை பேர் நம்மையோ நம் வண்டியையோ விசாரித்து அறிய முடியும் என்று பார்ப்பது மேல். அகளியிலும் கூளிக்கடவிலும் தாவளத்திலும் எம் தந்தையாரின் வண்டியை அறியாதவர் குறைவு. பத்தாண்டுகளாக அதன் எண்ணெய் மாற்றியது ஒரே பட்டறை. அந்தப் பட்டறைக்காரரைக் கேட்டால் வண்டியின் ஒவ்வொரு திருகும் சொல்வார். அப்படியிருக்க யாம் கோவையிலும் பாலக்காட்டிலும் ஆள் தேடினோம்.

பங்குனி இறுதியில் வண்டியைக் கழுவினோம், மின்கலம் மாற்றினோம். கீறலை அப்படியே விட்டோம். சாயம் பூசினால் விபத்தை மறைத்ததாக ஐயுறுவர் என்று பட்டறைக்காரர் சொன்னார். காலை ஒன்பது மணி வெயிலில் பத்துப் படங்கள் எடுத்தோம். அவற்றுள் ஒன்று அக்கீறல். பின்பக்கக் கண்ணாடியில் அட்டை ஒட்டினோம். மேலே தமிழில் 'விற்பனைக்கு'. கீழே மலையாள எழுத்தில் 'வில்பனய்க்கு'. இரண்டு சொல்லுக்கும் சிறிதளவுதான் வேறுபாடு. ஆனால் இரண்டும் எழுதப்பட்டிருப்பதைக் கண்டு நின்று படித்தவர் பலர். ஆண்டு, ஓடிய தூரம் 61,000 கிலோமீட்டர், ஒரே குடும்பத்தின் உடைமை, காப்பீடு எந்தத் திங்கள் வரை, பதிவு 2029 வரை என்பவற்றை எழுதினோம். இந்தக் கடைசிச் செய்தியை விடுதல் கூடாது. தனியார் காரின் பதிவு பதினைந்து ஆண்டுக்கே. பின்னர் ஐந்தாண்டுக்கொருமுறை ஆய்வுக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் அப்புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. எனவே எஞ்சிய ஆண்டுகளை வாங்குபவர் எண்ணியே விலை சொல்வர். சிங்கப்பூரில் வாழும் நம்மவர்க்கு இது வியப்பன்று. அங்கே 1990 முதல் வண்டியுரிமைச் சான்று பத்தாண்டுக்கே. எஞ்சிய திங்களே வண்டியின் விலை.

அட்டை ஒட்டிய வண்டியைப் பட்டறை வாசலில், சாலையோரம் நிறுத்தினோம். ஊர் வாட்சப் குழுக்கள் மூன்றில் படங்களை இட்டோம். அவற்றுள் இரண்டு மலையாளம் பேசுவோர் மிகுந்தவை. மன்னார்க்காட்டில் தேநீர்க்கடை வைத்திருக்கும் உறவினர் ஒருவரிடமும் சொல்லி வைத்தோம். முன்னைய இணையப் பதிவையும் விடவில்லை. ஊரை அகளி என்றே திருத்தி, விலையை ஒரு இலட்சத்துத் தொண்ணூற்றையாயிரமாகக் குறைத்து, 'நேரில் பார்ப்பவர் மட்டும் அழைக்க' என்று சேர்த்தோம். அழைப்புகள் குறைந்தன, அழைத்தவர் தரம் உயர்ந்தது.

பார்க்க வருவோருக்கு வசதியும் எண்ண வேண்டும். மன்னார்க்காட்டிலிருந்து தெங்கரை, ஆனமூளி கடந்து, கொண்டையூசி வளைவுகளில் ஏறி, முக்காலி வழியாக அகளி வருவதற்கே ஒருவருக்கு அரைநாள் ஆகும்; மழைநாளில் மண் சரிந்தால் அதுவும் இல்லை. அதனால் ஐயப்பட்டு நின்ற இருவர்க்காக ஒரு ஞாயிறன்று வண்டியை மன்னார்க்காட்டுக்கே கொண்டு சென்று, மக்கள் நடமாட்டமுள்ள பேருந்து நிலையத்தருகே காட்டினோம். தம்பி வந்திருந்தார், தனியே செல்லவில்லை. ஓட்டிப் பார்க்கக் கேட்டவரிடம் ஓட்டுநர் உரிமத்தை முதலில் பார்த்து, அருகில் அமர்ந்தே ஓட்டச் செய்தோம். இருவரும் வாங்கவில்லை. ஒருவர் ஒரு இலட்சத்து அறுபதாயிரம் கேட்டார். கட்டணக் கணக்கை எண்ணி அன்றிரவு உறக்கம் வரவில்லை; கொடுத்துவிடலாம் என்றே அன்னையாரிடம் சொன்னோம். "பத்து நாள் பொறு" என்றார்.

தரகரிடமும் கடைக்காரரிடமும் கொடுப்பது தவறென்று யாம் சொல்லவில்லை. நேரமில்லாதவருக்கு அதுவே வழி. ஆனால் 2023 ஏப்ரல் முதல், பழைய வண்டி விற்கும் வணிகர் பதிவு அலுவலகத்தின் அங்கீகாரம் பெற்றிருத்தல் வேண்டும் என்னும் நடுவணரசு விதி நடைமுறைக்கு வந்துள்ளது. வண்டியை அவரிடம் ஒப்படைத்ததையும் அலுவலகத்துக்கு அறிவித்தல் வேண்டும். அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குபவரிடம் சாவியைக் கொடாதீர்கள்.

இதை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. எம் உறவினர் ஒருவர் தம் பழைய ஜீப்பைத் தரகர் வழி விற்றார். முத்திரைத்தாளில் எழுதி, வெற்றுப் படிவங்களில் கையெழுத்திட்டு, பணம் வாங்கி வீடு வந்தார். இரண்டாண்டு கழித்து, அவர் காணாத ஊரில் அந்த ஜீப் ஒருவர் மீது மோதியதாக நீதிமன்றத்திலிருந்து அழைப்பு வந்தது. பதிவேட்டில் அவர் பெயரே இருந்தது. 2018-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் இத்தகைய வழக்கொன்றில் தெளிவாகவே தீர்ப்பளித்துள்ளது: வண்டி கைமாறிக் கைமாறிப் போயிருப்பினும், பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர், இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு. ஓடும் வண்டிக்குக் காப்பீடும் இல்லையாயின் அத்தொகை விற்றவர் நிலத்தையே விழுங்கும். அந்த உறவினர் இன்றும் மாதந்தோறும் வழக்கறிஞரைப் பார்த்துவருகின்றார்.

இதனாலும் அருகில் விளம்பரம் செய்வது நன்று. வாங்குபவர் நம் மாவட்டத்தவராயின், 29, 30-ஆம் எண் படிவங்களோடு இருவரும் ஒரே நாளில் பெயர் மாற்ற வேலையைத் தொடங்கலாம். மாநிலத்துக்குள் விற்றால் பதினான்கு நாளுக்குள் விற்றவர் அறிவித்தல் வேண்டும். வேறு மாநிலத்துக்கு விற்றால் நாற்பத்தைந்து நாள். வாங்கியவர் விண்ணப்பிக்க முப்பது நாள். காப்பீட்டை மாற்ற வாங்கியவர்க்குப் பதினான்கு நாள். கடன் வாங்கி வாங்கிய வண்டியாயின் வங்கியின் பெயரை நீக்கும் 35-ஆம் எண் படிவத்தை விளம்பரத்துக்கு முன்பே முடித்துவிடுக. காப்பீட்டில் விபத்தின்றி ஓட்டியமைக்குக் கிடைக்கும் தள்ளுபடி வண்டிக்கு உரியதன்று, ஆளுக்கு உரியது. வேறு வண்டி வாங்க எண்ணுபவர் அதற்கான சான்றைக் கேட்டுப் பெறலாம்.

அன்னையார் சொன்ன பத்து நாளில் ஏழாம் நாள் பட்டறைக்காரர் அழைத்தார். கோட்டத்தறைப் பக்கம் அரசுப் பணியில் இருக்கும் மலையாள அம்மையார் ஒருவர், பேருந்தில் போகும்போது மலையாள எழுத்திலிருந்த அட்டையைப் பார்த்து இறங்கி விசாரித்தாராம். இரவுப் பணிக்குச் செல்ல வண்டி வேண்டும். புது வண்டிக்குப் பணமில்லை. பட்டறைக்காரர் கீறலையும் காட்டி, அடுத்த ஆண்டு கிளட்ச் மாற்ற வேண்டியிருக்கும் என்பதையும் சொல்லிவிட்டார். எமக்கு ஒரு கணம் கோபம் வந்தது. மறுநாள் அவர் கணவருடன் வந்து, கிளட்சுக்கென ஏழாயிரமும் மின்விளக்குப் பழுதுக்கென மூவாயிரமும் கழித்து, ஒரு இலட்சத்து எண்பத்தையாயிரம் சொன்னார். வேறு ஒன்றும் பேசவில்லை. அவரே சொல்லியிராவிட்டால் அக்கிளட்சின் பேரில் எத்தனை கழித்திருப்பாரோ!

பணம் வங்கிக்கு வந்தபின்னரே, மன்னார்க்காட்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கான விண்ணப்பத்தை இணையவழி ஒருங்கே அனுப்பிச் சாவியைக் கொடுத்தோம். ஒப்படைத்த நாளும் மணியும் எழுதிய தாளில் இருவரும் கையெழுத்திட்டோம், மாலை 4.20. அன்னையார் கதவில் தொங்கிய சிறு முருகன் படத்தைக் கழற்றிக்கொண்டார். அந்த அம்மையார் அதையும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அன்னையார் சற்று நின்று, திரும்பவும் மாட்டிவிட்டு உள்ளே போனார்.

பதினாறாம் நாள் பெயர் மாறிய செய்தி கைப்பேசிக்கு வந்தது. கல்லூரிக் கட்டணம் ஆனி பன்னிரண்டில் கட்டினோம். பலா மரத்தடியில் இப்போது விறகு அடுக்கியிருக்கின்றது.